தனித்து இயங்கும் போர்ச் செய்தியாளர்

தனித்து இயங்கும் போர்ச் செய்தியாளர் என்பவர், படப்பிடிப்புக் குழுவோ தயாரிப்பாளரோ உடன் இல்லாமல் போர் நடக்கும் பகுதிக்குச் சென்று, தாமே செய்தி திரட்டி, படமெடுத்து, எழுதி, அனுப்பிவைக்கும் செய்தியாளர் ஆவார். இவர்களுள் சிலர் ஊடக நிறுவனங்களின் ஊழியர்கள். பலர் ஃப்ரீலான்சர் எனப்படுவோர். அதாவது மாதச் சம்பளம் இன்றி, விற்கும் ஒவ்வொரு செய்திக்கும் படத்திற்கும் தனித்தனியே பணம் பெறுபவர்கள். ஒரு படைப்பிரிவுடன் சேர்ந்து, அதன் பாதுகாப்பில் பயணம் செய்யும் செய்தியாளர்களிடமிருந்து இவர்கள் வேறுபட்டவர்கள்.

வரலாறு

1854 ஆம் ஆண்டில் கிரிமியப் போருக்குச் சென்று லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்கு எழுதிய வில்லியம் ஹோவர்ட் ரசல், போர்ச் செய்தியாளர்களின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். இரண்டாம் உலகப் போரில், 1944 சூன் மாத நோர்மண்டித் தரையிறக்கத்தைப் பார்க்க அமெரிக்கச் செய்தியாளர் மார்த்தா கெல்ஹார்னுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர் ஒரு மருத்துவக் கப்பலின் கழிப்பறையில் ஒளிந்துகொண்டு சென்று, காயமுற்றோரைத் தூக்கும் பணியாளர்களுடன் கரையிறங்கினார்.

தொலைக்காட்சி வந்தபின் செய்தியாளர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர் எனக் குழுவாகச் செல்வது வழக்கமாயிற்று. சிறிய எண்ணிமக் கருவிகளும் மடிக்கணினியும் செயற்கைக்கோள் தொலைபேசியும் இந்த நிலையை மாற்றின. ஒரு குழுவின் வேலையை ஒருவரே முதுகுப்பையுடன் செய்ய முடிந்தது. 2005-2006 இல் கெவின் சைட்ஸ் என்பவர் யாகூ நிறுவனத்திற்காக ஏறத்தாழ ஓராண்டில் பல போர்ப் பகுதிகளுக்குச் சென்று இம்முறையில் செய்தி வழங்கினார்.

தனித்துச் செல்வதன் காரணங்கள்

குழுவாகச் செல்வதைவிடத் தனியாகச் செல்வதில் செலவு குறைவு. பிறர் கவனத்தை ஈர்ப்பதும் குறைவு. பெரிய ஒளிப்படக் கருவியின் முன் பேசத் தயங்குபவர்கள், எதிரே அமர்ந்து கேட்கும் ஒருவரிடம் மனம் திறக்கக்கூடும். அரசோ படையோ தடுத்துள்ள இடங்களுக்குள் செல்லவும் பல வேளைகளில் இதுவே வழி.

இலங்கையில் செய்தியாளர்கள் வன்னிக்குச் செல்லத் தடை இருந்த காலத்தில், 'சண்டே டைம்ஸ்' இதழின் மேரி கொல்வின் அங்கு சென்று, உணவும் மருந்தும் போதாமல் வாழ்ந்த தமிழ் மக்களின் நிலையை எழுதினார். 2001 ஏப்ரலில், இரவு நேரத்தில் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குத் திரும்பும்போது தாக்குதலுக்கு உள்ளாகி இடக்கண் பார்வையை இழந்தார். அதன்பின் கறுப்புக் கண்மறைப்பே அவருடைய அடையாளமாயிற்று.

இடர்கள்

தனியாகச் செல்பவர் காயமடைந்தால் உடனே உதவ ஆள் இருப்பதில்லை. துணை இருந்தாலும் போதாமல் போகலாம். 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிசுராத்தா நகரில் ஒளிப்படக் கலைஞர் டிம் ஹெதரிங்டன், சகாக்கள் உடன் இருந்தும் குருதிப்போக்கால் உயிரிழந்தார். சரியான முதலுதவி அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடும் என்று பின்னர் அறிந்த அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர், ஃப்ரீலான்சர்களுக்கு முதலுதவி கற்பிக்கும் அமைப்பைத் தொடங்கினார்.

ஆள் கடத்தல் மற்றோர் இடர். அமெரிக்கச் செய்தியாளர் ஜேம்ஸ் ஃபோலி 2012 நவம்பரில் சிரியாவில் கடத்தப்பட்டு, 2014 ஆகத்தில் கொல்லப்பட்டார். செய்தி அனுப்ப உதவும் கருவியே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். கொல்வின் 2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸ் நகரில் எறிகணைத் தாக்குதலில் கொல்லப்பட்டார். சிரிய அரசு செய்தியாளர்களைத் திட்டமிட்டே குறிவைத்தது என்று 2019 இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்து, 30 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை வழங்கவேண்டும் என்றது.

சட்டப் பாதுகாப்பு

படையின் அனுமதியுடன் உடன் செல்லும் செய்தியாளர் பிடிபட்டால், 1949 ஆம் ஆண்டின் மூன்றாம் செனீவா உடன்படிக்கைப்படி போர்க்கைதிக்குரிய உரிமைகளைப் பெறுவார். தனித்துச் செல்பவர் பொதுமக்களுள் ஒருவராகக் கருதப்படுவார் என்று 1977 ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறையின் 79 ஆம் பிரிவு கூறுகிறது. அவர் சண்டையில் நேரடியாகப் பங்கேற்காத வரை அவரைத் தாக்குவது குற்றம். நடைமுறையில் இவர்கள் உளவாளிகள் என்று குற்றஞ்சாட்டப்படுவதும் உண்டு.

முன்னேற்பாடுகள்

* செல்லும் வழி, தங்குமிடம், திரும்பும் நாள் ஆகியவற்றை நம்பகமான ஒருவரிடம் தெரிவித்தல்.
* குறித்த நேரங்களில் தொடர்புகொள்ளுதல். தொடர்பு தவறினால் யாரை அழைப்பது என்று முன்பே முடிவுசெய்தல்.
* கடத்தப்பட்டால் உயிருடன் இருப்பதை உறுதிசெய்ய, தமக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்விகளைக் குடும்பத்தாரிடம் கொடுத்துவைத்தல்.
* குருதிப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டையை எளிதில் எடுக்கும் இடத்தில் வைத்திருத்தல், அதைப் பயன்படுத்தப் பழகுதல்.
* தலைக்கவசம், குண்டு துளைக்காத உடுப்பு, காப்பீடு ஆகியவற்றைப் பெறுதல்.

உள்ளூர்த் துணைவர்கள்

தனித்து இயங்குபவர் என்று சொன்னாலும் எவரும் முற்றிலும் தனியாக இயங்குவதில்லை. மொழிபெயர்ப்பாளர், ஓட்டுநர், வழிகாட்டி எனப் பலரும் அவருக்குத் துணை நிற்கின்றனர். இவர்களின் பெயர்கள் பெரும்பாலும் செய்தியில் இடம்பெறுவதில்லை. செய்தியாளர் ஊர் திரும்பிய பின்னரும் இவர்கள் அங்கேயே வாழவேண்டியவர்கள். ஆதலால் இவர்களுடைய பாதுகாப்பும் செய்தியாளரின் பொறுப்பாகும்.

விவாதம்

ஃப்ரீலான்சர்களின் படங்களை வாங்கும் நிறுவனம் அவர்களுடைய உயிருக்கும் பொறுப்பேற்க வேண்டுமா என்பது தொடர்ந்து விவாதிக்கப்படுகிறது. தம் ஊழியர்களை அனுப்பத் துணியாத சிரியப் பகுதிகளுக்குச் செல்லும் ஃப்ரீலான்சர்களிடமிருந்து செய்தி பெறுவதில்லை என 2014 இல் ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அறிவித்தது. ஆபத்தைத் தேடிச் செல்ல எவரையும் தூண்டக்கூடாது என்பது இதன் நோக்கம். வாங்குவோர் இல்லையென்றால் அம்மக்களின் துயரம் வெளியே தெரியாமல் போய்விடும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். 2015 இல் பல ஊடகங்கள் ஏற்றுக்கொண்ட பாதுகாப்புக் கோட்பாடுகள், ஃப்ரீலான்சர்களின் பாதுகாப்பிலும் ஊழியர்களுக்குக் காட்டும் அதே அக்கறை காட்டப்பட வேண்டும் என்கின்றன.