தானே இறங்கும் கதவு

வீட்டுக் கதவு என்றதும், நிலையும் கீலும் தாழ்ப்பாளும் உடைய மரக்கதவே நம் கண்முன் நிற்கும். தள்ளினால் திறக்கும், விட்டால் நிற்கும். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறியுள்ள நம் மக்களின் இல்லங்களில் வேறொரு கதவும் உண்டு. கார் நிறுத்தும் அறையின் வாயிலை முழுவதும் அடைத்து நிற்கும் அக்கதவைக் ‘கராஜ் கதவு’ என்பர். ரிமோட்டின் பொத்தானை அழுத்தியதும் அது பலகை பலகையாக மேலேறிக் கூரையின்கீழ்ப் படுத்துக்கொள்ளும். மீண்டும் அழுத்தினால் தானே இறங்கித் தரையைத் தொடும்.

பேரக்குழந்தைகளைப் பேணுவதற்காக அங்குச் சென்று சில மாதங்கள் தங்கிவரும் பெற்றோர் இன்று நம் குடும்பங்களில் பலர். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் பொறுப்பு பாட்டனாரும் பாட்டியாருமே. அடுப்பு எரிக்கும் முறையையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் பற்றி அவர்களுக்குச் சொல்லித் தருவோர், அவ்வீட்டில் அசையும் பொருள்களுள் மிகப் பெரியதான இக்கதவைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுகின்றனர். ஆகவே அதனைக் குறித்துச் சில செய்திகளை இங்குக் கூற விழைகிறோம்.

பளுவைச் சுமப்பது எது?

மேல்நோக்கித் திறக்கும் கராஜ் கதவை 1921-ஆம் ஆண்டில் அமைத்தவர் சி. ஜி. ஜான்சன் என்னும் அமெரிக்கர். 1926-இல் அதனை இயக்கும் மின்கருவியையும் அவரே உருவாக்கினார். இரண்டு கார்கள் நிற்கக்கூடிய அறையின் கதவு பெரும்பாலும் 16 அடி அகலமும் 7 அடி உயரமும் உடையது. அதன் எடை 60 கிலோவுக்கும் மேற்பட்டிருக்கும். மரத்தால் ஆனதாயின் இன்னும் அதிகம். இத்துணைப் பளுவை ஒரு சிறு மோட்டார் எவ்வாறு தூக்குகிறது?

உண்மையில் பளுவைச் சுமப்பது மோட்டார் அன்று. கதவுக்கு மேலே, அல்லது அதன் இரு பக்கங்களிலும் பொருத்தப்பட்டுள்ள தடித்த எஃகு ஸ்பிரிங்கே அதனைச் சுமக்கிறது. நம் ஊர்க் கிணற்றுத் துலாவின் பின்முனையில் கல்லைக் கட்டி வைப்பார்கள் அல்லவா? நிறைந்த வாளியின் பளுவை அக்கல் ஈடுசெய்யும். இறைப்பவர் சிறிதே கை கொடுத்தால் போதும். அங்குக் கல் செய்யும் வேலையை இங்கு ஸ்பிரிங்கு செய்கிறது. மோட்டார் கை கொடுப்பதோடு சரி.

ஆனால் கல்லுக்குத் தேய்மானம் இல்லை, ஸ்பிரிங்குக்கு உண்டு. சாதாரண ஸ்பிரிங்கு ஏறக்குறைய 10,000 முறை ஏறி இறங்குவதற்கென்றே செய்யப்படுகிறது. நாளொன்றுக்கு நான்கு முறை கதவைத் திறந்து மூடும் குடும்பத்தில் ஏழாண்டிற்குள் அக்கணக்கு முடிந்துவிடும். ஸ்பிரிங்கு அறும்போது வெடி வெடித்தாற்போல் ஓசை எழும். அதன்பின் கதவின் முழுப் பளுவையும் தாங்குவதற்கு எதுவும் இல்லை. அந்நிலையில் பொத்தானை அழுத்துவதோ, கதவைக் கையால் தூக்க முயல்வதோ கூடாது. தேர்ந்த பணியாளர் வரும்வரை கதவு அப்படியே இருக்கட்டும்.

இயந்திரத்திற்குத் தரையும் குழந்தையும் ஒன்றே

இறங்கும் கதவுக்குத் தரை எது, குழந்தை எது என்னும் அறிவு இல்லை. தடையை உணர்ந்து திரும்பும்படி நாம் அமைத்து வைத்தாலன்றி அது அழுத்திக்கொண்டேயிருக்கும். 1982 மார்ச்சுக்குப் பின்வந்த ஆண்டுகளில், 2 முதல் 14 வயது வரையுள்ள ஏறக்குறைய 60 சிறுவர் சிறுமியர் இத்தகைய கதவுகளின்கீழ் அகப்பட்டு உயிரிழந்ததாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தெரிவித்தது. ஒவ்வொருவரும் ஒரு தாயின் மகவு. தம் சொந்த வீட்டிலேயே விளையாடிக்கொண்டிருந்தவர்கள் பலர்.

இதன் விளைவாக 1990-இல் அங்குச் சட்டம் இயற்றப்பட்டது. 1993 ஜனவரி முதல் நாளிலிருந்து செய்யப்படும் வீட்டுக் கராஜ் கருவிகளில் இரண்டு காவல்கள் இருக்கவேண்டும் என்பது விதியாயிற்று. முதற்காவல், கதவு எதன்மீதேனும் பட்டவுடன் தானே மேலே திரும்புதல். இரண்டாவது காவல் பெரும்பாலும் மின்கண்ணாக இருக்கும். வாயிலின் இரு ஓரங்களிலும் தரையிலிருந்து ஆறு அங்குலத்திற்கு மேற்படாத உயரத்தில் சிறு பெட்டிகள் இரண்டு எதிரெதிரே நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குக் கண்ணுக்குப் புலப்படாத ஒளிக்கதிர் பாய்கிறது. தவழும் குழந்தையோ நாய்க்குட்டியோ அதனைக் குறுக்கிட்டால், இறங்கும் கதவு நின்று மேலே திரும்பிவிடும்.

இங்கே ஒரு பெருந்தவறு நிகழ்கிறது. மின்கண்ணில் தூசி படிந்தாலும், சிலந்தி வலை பின்னினாலும், துடைப்பம் இடித்து அது சற்றே திரும்பிவிட்டாலும் கதவு மூட மறுக்கும். அலுவலகத்திற்கு நேரமாகும் அவசரத்தில் அது பெருந்தொல்லையாகத் தோன்றுகிறது. உடனே சிலர் இரு பெட்டிகளையும் கழற்றி, ஒன்றையொன்று பார்க்கும்படி கூரையருகே கட்டிவிடுகின்றனர். தொல்லை தீர்ந்தது, கதவு ஒழுங்காக மூடுகிறது. ஆனால் அது இப்போது கண் கட்டப்பட்ட கதவு! மூட மறுத்த கதவு பழுதுபட்ட கதவு அன்று. தன் கடமையைச் செய்த கதவு. மெல்லிய துணியால் கண்ணைத் துடைத்து, இரண்டும் நேருக்குநேர் பார்க்கும்படி திருப்பி வைத்தால் பெரும்பாலும் அதுவே போதும்.

மாதம் ஒருமுறை மூன்று சோதனைகள்

காவல் இருந்தால் மட்டும் போதாது. அது விழித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, பிள்ளைகளை அப்பால் நிறுத்தி, வலுவுள்ள பெரியவர் ஒருவர் இம்மூன்றையும் செய்து பார்க்கலாம்.

முதலாவது, சமநிலைச் சோதனை. கதவு முழுதும் மூடியிருக்கையில், மோட்டாரின் தண்டிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து விடுபடும். பின்னர் அதனைக் கையால் பாதியளவு உயர்த்திப் பார்க்கவேண்டும். ஸ்பிரிங்கு நலமாயிருந்தால் கதவு இலேசாக எழும்பி, அங்கேயே ஏறத்தாழ நிற்கும். தூக்கவே முடியாதபடி கனத்தாலும், சரிந்து இறங்கினாலும் பணியாளரை அழைக்கவேண்டும். திறந்திருக்கும் கதவில் இக்கயிற்றை இழுக்கலாகாது. ஸ்பிரிங்கு பழுதுபட்டிருந்தால் கதவு தலைமேல் விழும்.

இரண்டாவது, மின்கண் சோதனை. சோதனை முடிந்த கதவை மீண்டும் மோட்டாருடன் இணைத்து, மேலே ஏற்றியபின் இறங்கவிட வேண்டும். அது இறங்குகையில் நீண்ட துடைப்பக் கட்டையொன்றை ஒளிக்கதிரின் குறுக்கே நீட்டினால் கதவு உடனே திரும்பவேண்டும்.

மூன்றாவது, தடைச் சோதனை. ஒன்றரை அங்குல கனமுள்ள மரத்துண்டைக் கதவின் நடுவே தரையில் படுக்க வைத்துக் கதவை இறக்கவேண்டும். மரத்தைத் தொட்டதும் கதவு திரும்பவேண்டும். திரும்பாது அழுத்தி நிற்குமாயின், சீர்செய்யும்வரை மோட்டாரைப் பயன்படுத்தவே கூடாது.

இவற்றோடு கீல்களுக்கும் உருளைகளுக்கும் அவற்றிற்குரிய எண்ணெயை அவ்வப்போது இடுவதும், எஃகு வடங்களில் இழை பிரிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதும் நம்மால் இயலும். ஆனால் ஸ்பிரிங்கையும், வடத்தைப் பிடித்திருக்கும் அடிமூலை இரும்பையும் நாமே கழற்ற முனைவது பேதைமை. அவற்றில் அடங்கியிருக்கும் விசை கையை முறித்துவிடும், உயிரையும் குடித்துவிடும்.

வீட்டார் கைக்கொள்ள வேண்டியவை

சுவரில் உள்ள பொத்தான் சிறுவர் கைக்கு எட்டாதபடி ஐந்தடிக்குக் குறையாத உயரத்தில் இருக்கட்டும். ரிமோட் விளையாட்டுப் பொருள் அன்று. இறங்கும் கதவின்கீழ் முந்தி ஓடும் பந்தயத்தை ஒருமுறைகூட அனுமதிக்கலாகாது. கதவின் பலகைகள் சேரும் இடைவெளியில் விரல் வைக்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லவேண்டும். பொத்தானை அழுத்தியவர், கதவு தரையைத் தொடும்வரை அங்கேயே நின்று பார்க்கவேண்டும். காரைக் கிளப்பிக்கொண்டு போகிற போக்கில் அழுத்திவிட்டுச் செல்லும் வழக்கம் நல்லதன்று.

மின்சாரம் நின்ற வேளையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2017 அக்டோபரில் கலிபோர்னியாவின் வடபகுதியில் காட்டுத்தீ பரவியபோது மின்சாரம் அற்றுப்போனது. கராஜ் கதவைத் திறக்க இயலாமல் முதியோர் சிலர் உள்ளே அகப்பட்டனர். அதன் பயனாக, 2019 ஜூலை முதல் அம்மாநிலத்தில் விற்கப்படும் புதிய கருவிகளில் மாற்று பேட்டரி இருக்கவேண்டும் என்று சட்டம் செய்தனர். பேட்டரி இல்லாத வீட்டில் அந்தச் சிவப்புக் கயிறே வழி. அது எங்கே தொங்குகிறது, எப்படி இழுப்பது என்பதை வீட்டில் உள்ள பெரியவர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

பழைய வீட்டை விலைக்கு வாங்கியிருப்போர், மோட்டார்ப் பெட்டியில் ஒட்டியுள்ள சீட்டில் அது செய்யப்பட்ட ஆண்டைப் பார்க்கட்டும். 1993-க்கு முற்பட்டதாகவும் மின்கண் இல்லாததாகவும் இருந்தால், அது ஓடுகிறதே என்று மனநிறைவு கொள்ளாமல் மாற்றிவிடுவதே அறிவுடைமை. அச்செலவைப் பிள்ளைகளின் உயிரோடு வைத்து நிறுத்துப் பார்ப்போமா?

வெளிநாட்டில் இருக்கும் மகனோடோ மகளோடோ அடுத்தமுறை தொலைபேசியில் பேசும்போது, உடல்நலமும் வேலையும் விசாரித்தபின், “கராஜ் கதவைச் சோதித்துப் பார்த்தீர்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே சென்று தங்குவோராயின், சென்ற முதல் வாரத்திலேயே மகனை அருகில் நிறுத்தி, அந்த மரத்துண்டை வைத்துப் பார்க்கச் செய்யுங்கள். சில நிமிட வேலைதான். அதன்பின் பேரப்பிள்ளைகள் அவ்வாயிலில் ஓடியாடுவதை நாம் அச்சமின்றிப் பார்த்திருக்கலாம்.