எண்ணூர் நர்ஸுக்கு ஆசான் யார்?

2023-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவையொட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே உரத் தொழிற்சாலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்ததை நேயர்கள் மறந்திரார். மூச்சுத் திணறலும் கண்ணெரிச்சலுமாக ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினர். பலர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டனர். அம்மாதத் தொடக்கத்தில்தான் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் பரவி மீனவரின் தோணியையும் வலையையும் மேனியையும் கறுப்பாக்கியிருந்தது.

இவற்றுக்கு ஜவாப்தாரி யார் என்ற விவகாரத்தை இன்று நாம் எடுக்கவில்லை. வீடுவீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்துவரும் சுகாதார நர்ஸைப் பற்றியே பேசுகிறோம். வாயு பட்ட கண்ணை எவ்வளவு நேரம் தண்ணீரில் கழுவுவது, எவரை வீட்டிலிருத்தலாம், எவரை அக்கணமே ஸ்டான்லிக்கு அனுப்புவது, எண்ணெய் படிந்த தோலில் மண்ணெண்ணெய் தேய்ப்பவரை எப்படித் தடுப்பது என்று குப்பத்து ஜனங்கள் அவரைத்தானே கேட்பர்? அவர் பெற்ற பயிற்சியின் பெரும்பகுதியோ பிரசவமும் தடுப்பூசியும் பற்றியது. அவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

இதற்கு வழி இல்லாமலில்லை. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஸஞ்சீவ் அரோரா, 2003-இல் ‘எக்கோ’ என்னும் முறையைத் தொடங்கினார். தூரத்துச் சிற்றூர்களில் ஊழியம் செய்வோர் குறித்த வேளையில் காணொளி வழியே கூடுவர். ஒருவர் தம்மிடம் வந்த நோயாளியின் நிலையை, பெயர் சொல்லாமல், எடுத்துரைப்பார். நிபுணரும் சகாக்களும் யோசனை கூறுவர். இவ்விதம் கற்றவர்கள் கையில் ‘ஸி’ வகைக் கல்லீரல் நோய் குணமான விகிதம், சர்வகலாசாலை ஆஸ்பத்திரியின் விகிதத்துக்குக் குறையவில்லையென்று 2011-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. நமது தேசத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனமும் மனநோய் வைத்தியத்தில் இம்முறையைக் கையாண்டிருக்கிறது. எண்ணூருக்கு மாத்திரம் இது ஏன் எட்டாக்கனியாக வேண்டும்?

நர்ஸின் கையில் கைப்பேசி இல்லையா என்பர் சிலர். இருக்கிறது, கர்ப்பிணிகளின் கணக்கை ஏற்றவும் மேலிடத்து உத்தரவுகளைப் படிக்கவும் அது நன்றாகவே பயன்படுகிறது! கணக்குக் கேட்பது ஒன்று, கைகொடுப்பது வேறு. கைகொடுப்பவர் பெரிய டாக்டராகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. இதே கரையில் இருபது வருஷம் நடந்து தேய்ந்த மூத்த நர்ஸ் ஒருவர் போதும். டாக்டர் பக்கத்திலிருந்தால் நலம்.

ஸ்திரமான உத்தியோகமில்லாதவர்களுக்குப் படிப்பு எதற்கு என்ற கேள்வியை நாம் அலட்சியம் செய்யமாட்டோம். மாதம் 7,700 ரூபாய்ச் சம்பளத்தில் 2015-இல் நியமனம் பெற்ற ஒப்பந்த நர்ஸுகள், 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு நிரந்தர உத்தியோகம் கேட்டது நினைவிலிருக்கிறது. ஆகவேதான் சொல்கிறோம்: இரவில் அடுப்படி வேலை முடிந்தபின் படித்துக்கொள் என்று நர்ஸிடம் சொல்வது, அவர் உழைப்பை இரண்டாம் முறை திருடுவதாகும். வாரத்தில் ஒரு மணி நேரம், சம்பளமுள்ள வேலை நேரத்திலேயே, இதற்கென ஒதுக்கப்படவேண்டும். எண்ணூரிலும் திருவொற்றியூரிலுமுள்ள சுகாதார நிலையங்களை ஒரே வகுப்பாகச் சேர்த்து, நகரசபையார் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதைத் தொடங்கட்டும். முதல் பாடம் அமோனியாவாக இருக்கட்டும்.