பழைய பங்களா புகைபோக்கியில் கேஸ் கணப்பா? கொஞ்சம் பொறுங்கள்!

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வெள்ளைக்காரர் காலத்து வீடு வைத்திருப்பவர்களுக்கு டிசம்பர் வந்தால் ஒரே யோசனைதான். 'விறகுக்கு அலைய முடியலை. சாம்பல் அள்ள ஆள் இல்லை. அந்தக் கணப்பு மாடத்திலேயே கேஸ் ஹீட்டரைப் பொருத்திவிட்டால் என்ன? புகைபோக்கிதான் சும்மா இருக்கே!'

சித்த வைத்தியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. மலையிலிருந்து வரும் சிலர், "டாக்டர், பனிக்காலம் வந்தாலே காலையில் தலை பாறாங்கல்லாய்க் கனக்குது, குமட்டுது" என்பார்கள். கேட்டதுமே நீர்க்கோவை என்றுதான் தோன்றும். அவர்களும் நெற்றியில் நீர்க்கோவை மாத்திரையை உரைத்துப் பூசி, நொச்சித் தழை போட்டு ஆவி பிடித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி: "வீட்டில் மற்றவர்களுக்கும் இப்படி இருக்கா? வெளியே கடைக்குப் போனால் தலைவலி விடுகிறதா?" இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் நாடி பார்ப்பதற்கு முன்பே அடுப்பைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

காரணம், கார்பன் மோனாக்சைடு. காற்றுப் போதாமல் எரியும் எந்த நெருப்பும் இதைக் கக்கும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல், கை கால் தளர்ச்சி, குழப்பம்... தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கர்ப்பிணி என்றால் வயிற்றிலுள்ள சிசுவுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதற்குக் கஷாயமும் கிடையாது, சூரணமும் கிடையாது. திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுப்பதுதான் சிகிச்சை. இன்னொன்று. கொரோனா காலத்தில் எல்லோரும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறீர்கள். அதை நம்பாதீர்கள். விஷவாயு பிடித்த ரத்தத்தையும் அது 98, 99 என்று நல்லதாகவே காட்டும்!

சரி, புகைபோக்கிதான் இருக்கிறதே, அது இழுத்துக்கொண்டு போகாதா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த அகலமான செங்கல் கூண்டு விறகுக்காகக் கட்டியது. விறகுப் புகை நல்ல சூட்டில் வேகமாக மேலே ஓடும். கேஸ் ஹீட்டரிலிருந்து வரும் காற்றுக்குப் பெரும்பாலும் அந்தச் சூடு இருக்காது. குளிர்ந்த சுவரில் பட்டு ஆறிப்போய் பாதியிலேயே தயங்கும்; சமயத்தில் அறைக்கே திரும்பிவிடும். கூடவே தண்ணீர்த் தொல்லை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. அது உள்சுவரில் வியர்த்து, பழைய கரியோடு கலந்து, சுண்ணாம்புக் காரையை அரிக்கும். காரை உதிர்ந்த விரிசல் வழியாகப் புகை பக்கத்து படுக்கையறைக்குள் போகும். கணப்பு எரிவது ஹாலில், தலை வலிப்பது மாடியில்!

எனவே, முதலில் ஆளை வைத்து கரி, குருவிக் கூடு, உதிர்ந்த செங்கல் எல்லாவற்றையும் சுத்தமாக எடுக்க வேண்டும். பிறகு மேலிருந்து கீழ்வரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் ஒன்றை உள்ளே இறக்கி, ஹீட்டரின் வாயோடு இணைக்க வேண்டும். குழாயின் அளவை ஹீட்டர் கம்பெனி சொன்னபடிதான் வைக்க வேண்டும். கொத்தனார் கையில் கிடைத்ததை வைக்கக் கூடாது. ஒரு குழாயில் ஒரு ஹீட்டர்தான். உச்சியில் மழையும் பறவையும் நுழையாத தொப்பி. கணப்பு வாயில் திறந்து மூடும் பழைய இரும்புத் தகடு இருந்தால் கழற்றி எறியுங்கள். என்றாவது ஒரு நாள் யாராவது மூடிவிடுவார்கள்.

புகை வெளியே போக, காற்று உள்ளே வர வேண்டுமல்லவா? குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கில் துணி திணிப்பது நம்மவர் வழக்கம். இந்த அறையில் அது கூடாது. மூட முடியாத காற்றுத்துளை ஒன்று சுவரில் இருந்தே ஆக வேண்டும். வேலை முடிந்ததும் கதவு, ஜன்னலைச் சாத்தி, கணப்பை ஏற்றிச் சிறிது நேரம் கழித்து அதன் மேல் விளிம்பில் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். அடுத்து சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். புகை அறைப் பக்கம் திரும்பினால் உடனே அணைத்துவிடுங்கள். அந்தக் கணப்பு பயன்படுத்தத் தகுதியில்லை. ஊதுபத்தி சோதனை உங்கள் திருப்திக்குத்தான். பொருத்துவதும் பரிசோதிப்பதும் கேஸ் வேலை படித்தவர் செய்ய வேண்டும். இங்கிலாந்தில் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் பெயர் இல்லாதவர் கேஸ் கணப்பில் கைவைக்கவே சட்டம் இடம் தராது. நம் வீட்டுச் சிலிண்டர் சமையலுக்கென்று தரப்படுவது. கணப்புக்கு எந்த இணைப்பு என்று ஏஜென்சியில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

'கேஸ் கசிந்தாலும் புகைபோக்கி இழுத்துவிடும்' என்பதும் தப்பு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து, சிலிண்டரை மூடி, வெளியேறுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி, கேஸ் கசிவு அலாரம் தனி. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. இரண்டுமே வாங்குங்கள், காலாவதி தேதி பார்த்து மாற்றுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறினால் எல்லோரும் வெளியே வந்து, தலை சுற்றுபவர் இருந்தால் 108-ஐ அழைத்து, "கேஸ் கணப்பு எரிந்தது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை டாக்டருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

பயன்படுத்தாத மற்ற அறைப் புகைபோக்கிகளை சிமெண்ட் வைத்து ஒரேயடியாக அடைத்துவிடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கி சுவர் பூசணம் பிடிக்கும். ஆஸ்துமாக்காரர் வீட்டில் அது ஆகாது. மேலே தொப்பி, கீழே சிறு ஜாலி வைத்தால் போதும்.