வாளுக்கு வைத்தியர் உண்டு, காதுக்கு யார்?



வள்ளுவப் பெருந்தகை கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்து வைத்தார். காது அவ்வளவு பெரிய செல்வம். ஆனால் நாம் அதைக் கண்டுகொள்வதில்லை. கையில் கத்தி பட்டால் ரத்தம் வரும், உடனே கிளினிக்குக்கு ஓடுவோம். இரைச்சலால் காது போகும்போது ரத்தமும் வராது, வலியும் இராது. வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவதற்கு முன்னால் அவர் வீட்டாருக்குத் தெரிந்துவிடும்.

இம்மாதம் ஒரு பட்டறையின் கதையைச் சொல்கிறேன். "நாங்க தோட்டத்து ஆளுங்க, பட்டறைக் கதை எங்களுக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைசியில் நம் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிற சங்கதி இது.

பால் மரத்தை அறுக்கும் வாள்

ஈப்போ வட்டாரத்தில் ஈயச் சுரங்கங்கள் ஓங்கியிருந்த காலத்தில் வார்ப்புப் பட்டறைகளும் இரும்புப் பட்டறைகளும் நிறைய எழுந்தன. 1985-இல் உலகச் சந்தையில் ஈய வியாபாரம் சரிந்தது. சுரங்கங்கள் வரிசையாக மூடின. நான் சொல்லும் பட்டறை அதுவரை சுரங்கத்துக்கு உதிரிப் பாகம் செய்து பிழைத்தது. ஒரு சீனக் குடும்பத்துக்குச் சொந்தம். சுரங்கம் மூடியதும் பெரிய தவுக்கே மர ஆலை இயந்திரம் செய்யும் பக்கம் திரும்பினார்.

அந்த இயந்திரத்துக்கும் நமக்கும் உறவு உண்டு. ரப்பர் மரம் 25, 30 வருஷம் பால் கொடுத்ததும் மறுநடவுக்காகச் சாய்க்கப்படும். முன்பெல்லாம் அது வெறும் விறகு. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையிலும் செங்கல் சூளையிலும் எரிந்தது. 1980-களில் அதே மரம் மேசை நாற்காலியாகிக் கப்பலேறத் தொடங்கியது. ரப்பர்க் கட்டை குட்டை, அதோடு கோணல். பெருங்காட்டு மரத்துக்கென்று செய்த பெரிய இயந்திரம் அதற்குத் தோதுப்படாது. சிறிய இயந்திரம் தேவைப்பட்டது. இந்தப் பட்டறை அதைச் செய்து கொடுத்தது.

மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றிப் பல் வைத்த எஃகுப் பட்டை, பெல்ட் மாதிரி ஓடும். அதுதான் 'பேண்ட்சா'. வார்ப்பிலிருந்து வந்த சக்கரத்தைக் கடைசலில் ஏற்றிக் கடைவது ஒருவர் வேலை. கனத்த தகடுகளை வெட்டி ஒட்டுப் போட்டுச் சட்டம் கட்டுவது இன்னொருவர் வேலை. கட்டையைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிக்குத் தண்டவாளம் அமைப்பது மற்றொருவர் வேலை. எல்லாம் முடிந்ததும் உண்மையான கட்டையை வைத்து அறுத்துப் பார்த்துத்தான் லாரியில் ஏற்றுவார்கள்.

அண்ணன் சேர்ந்த கதை

அங்கே வேலை செய்யும் ஓர் அண்ணனைப் போன மாதம் போய்ப் பார்த்தேன். தோட்டத்தில் பிறந்தவர். விடியற்காலையில் அம்மாவோடு நிரைக்குப் போய்ப் பால் வாளி தூக்கியவர். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது லயத்தைக் காலி செய்து பட்டணத்துக்கு வந்தார்கள். 1986-இல், 18 வயதில், எடுபிடிப் பையனாகப் பட்டறையில் நுழைந்தார்.

"எங்கம்மா வெட்டுன மரத்தை அறுக்கற மெஷினை நான் செஞ்சேன் தம்பி" என்று சிரித்தார்.

பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடம். தவுக்கே சம்சாரம்தான் மத்தியானச் சமையல். முதலாளி, மகன்கள், வேலைக்காரர் எல்லாருக்கும் ஒரே மேசை. வெள்ளிக்கிழமை நம்மாட்களுக்குச் சைவமாக ஒரு கறி தனியாக இருக்கும். சீனப் பெருநாளுக்கு அங்பாவ். தீபாவளிக்குத் தவுக்கே குடும்பத்தோடு வீட்டுக்கு வருவார். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்து, வட்டி இல்லாமல் மாதா மாதம் கழித்துக்கொண்டார். வேலை நிறைய வந்த நாட்களில் தவுக்கேயே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்பைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார்.

அண்ணன் படிப்படியாக வளர்ந்து 'சா டாக்டர்' ஆனார். ஆமாம் தோழர்களே, வாளுக்கு டாக்டர்! மர ஆலையில் சில மணி நேரத்துக்கு ஒரு தரம் பட்டையைக் கழற்றி இவரைப் போன்றவரிடம் அனுப்புவார்கள். பட்டை சூடேறித் தளர்ந்திருக்கும். நேர்க்கோல் வைத்துப் பார்த்து, மேடு பள்ளத்தைச் சுத்தியலால் தட்டிச் சரி செய்வார். தேய்ந்த பல் நுனியில் ஸ்டெல்லைட் என்ற கடின உலோகத்தை உருக்கி வைத்துத் தீட்டுவார். ஓடும் வாளின் சத்தத்தைக் கேட்டே இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். வெளியூர் ஆலைகளிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வந்தார்கள்.

கேட்காமல் போன 'டிக் டிக்'

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு புது இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். பட்டையில் நூல் மாதிரி ஒரு விரிசல். விரிசல் விழுந்த பட்டை ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்... டிக்...' என்று ஒரு மெல்லிய சத்தம் கொடுக்கும். அண்ணன் பக்கத்திலேயே நின்றார், அவருக்குக் கேட்கவில்லை. சேர்ந்து ஆறு மாதமான பையனுக்குக் கேட்டது. ஓடி வந்து சுவிட்சை அடைத்தான். இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் பட்டை அறுந்து யார் மேல் பாய்ந்திருக்குமோ.

"அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல தம்பி. வீட்டுல ரொம்ப நாளா சொல்லிக்கிட்டுதான் இருந்தாங்க, டிவி சத்தத்தைக் கொறைங்கன்னு. பேத்தி பக்கத்துல வந்து ஏதோ சொல்லும், எனக்குப் புரியாது. அது கோவிச்சுக்கிட்டு அம்மாகிட்ட ஓடிடும். வயசாயிடுச்சு, அவ்வளவுதான்னு நெனச்சேன்."

"தவுக்கேகிட்ட சொல்லலையா அண்ணே?"

"எப்படிச் சொல்றது? பொண்ணு கல்யாணத்துக்குக் காசு கொடுத்த மனுஷன். அவருக்கே காது கேக்காது. ரெண்டு பேரும் கத்திக் கத்திப் பேசிக்குவோம். இதுல யார் மேல குத்தம் சொல்றது?"

தோழர்களே, அந்தப் பட்டறையில் யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் இரைச்சல் முகம் பார்க்காது. ஒரே மேசையில் சாப்பிட்ட முதலாளியின் காதையும் தொழிலாளியின் காதையும் அது ஒன்றாகவே கெடுத்தது. வாளைச் சில மணிக்கு ஒரு தரம் சோதித்த இடத்தில், மனிதக் காதை முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு தரம்கூடச் சோதிக்கவில்லை.

காதுக்குள் நடப்பது என்ன?

உள்காதில் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மயிரணுக்கள், காதுக்குச் சுமார் 15,000. ஒலி வந்தால் அவை புல் மாதிரி அசைந்து மூளைக்குச் சேதி அனுப்பும். புல்லை ஒரு நாள் மிதித்தால் மறுநாள் நிமிரும். தினமும் மிதித்தால் ஒற்றையடிப் பாதையாகிவிடும். பாதையிலாவது பிற்பாடு புல் முளைக்கலாம். மயிரணு ஒன்று செத்தால் இன்னொன்று முளைக்காது. மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. பூண்டு காய்ச்சிய எண்ணெயும் உதவாது.

முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஒலி. ச, த, ப போன்ற எழுத்துகளின் ஒலி மங்கும். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் தெளிவில்லாமல் போகும். 'பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னு புரியல' என்பார்கள். பேத்தியின் பேச்சு புரியாமல் போனது வயசால் மட்டும் அல்ல.

சத்தத்தை டெசிபல் என்ற அளவில் அளப்பார்கள். சாதாரணப் பேச்சு 60. கையில் பிடிக்கும் கிரைண்டரால் இரும்பைத் தேய்த்தால் 95, 100 என்று ஏறும். இதில் 3 கூடினாலே சத்தத்தின் ஆற்றல் இரட்டிப்பாகும். 85 டெசிபலில் 8 மணி நேரம் நிற்பதும், 88-இல் 4 மணி நேரம் நிற்பதும், 91-இல் 2 மணி நேரம் நிற்பதும் காதுக்கு ஒன்றுதான். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம் போதும்!

காது மட்டுமா? ஸ்டெல்லைட்டில் கோபால்ட் என்ற உலோகம் உண்டு. தீட்டும்போது பறக்கும் அதன் தூசு இளைப்பையும் தோல் அரிப்பையும் கொண்டுவரும். ஒட்டுப் போடும் புகையும் மரத்தூளும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களென்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அதை இன்னொரு மாதம் விரிவாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-இல் வந்த தொழிற்சாலை இரைச்சல் விதி, 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை விட்டுவைத்தது. 2019 ஜூன் 1 முதல் புதிய விதி நடப்பில் உள்ளது. இப்போது எல்லை 85. அதைத் தாண்டினால் முதலாளி இரைச்சலைக் குறைக்க வழி செய்ய வேண்டும், காதுக் காப்புக் கொடுக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறை தன் செலவில் காதுப் பரிசோதனை செய்விக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல், 5 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். 'இது குடும்பக் கம்பெனி' என்பதற்காகச் சட்டம் விலக்குக் கொடுப்பதில்லை.

அண்ணன் கூச்சப்பட்டது சொக்சோவில் மனுச் செய்ய. "தவுக்கே மேல கேஸ் போட்ட மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டார். ஆகாது! இரைச்சலால் காது கேளாமை சொக்சோ ஏற்கும் தொழில் நோய்களில் ஒன்று. அந்தப் பணம் தவுக்கே பையிலிருந்து போவதில்லை. வேலை விபத்துத் திட்டத்துக்காகச் சம்பளத்தில் சுமார் 1.25 விழுக்காட்டை முதலாளி மாதா மாதம் ஏற்கெனவே கட்டி வருகிறார். நம் பெயரில் கட்டிய காசை நாம் கேட்பது நன்றி கெட்ட காரியம் அல்ல. 2019 முதல் அந்நியத் தொழிலாளருக்கும் இந்தத் திட்டம் உண்டு.

இதைச் சொன்ன பிறகுதான் அண்ணன் மனுவில் கையெழுத்துப் போட்டார். பாரத்தை நிரப்பிக் கொடுத்தவர் யார் தெரியுமா? தவுக்கேயின் இளைய மகன். அவரே இரைச்சலை அளக்க ஆள் வரவழைத்தார். கிரைண்டர் வேலையைத் தனி அறைக்கு மாற்றினார். தகடு தட்டும் மேசைக்கு ரப்பர் விரிப்புப் போட்டார். காதுப் பரிசோதனைக்குப் போன வண்டியில் பெரிய தவுக்கேயும் ஏறிக்கொண்டார்.

நம் வாசலுக்கு வந்த இரைச்சல்

இப்போது தோட்டத்துக்கு வருவோம். புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டி நாள் முழுக்க வெட்டுகிறீர்களே, அதன் சத்தம் 85-க்குள் அடங்குமா? எண்ணெய்ப்பனை ஆலையில் பாய்லர் பக்கமும் பிழியும் இயந்திரத்தின் பக்கமும் நிற்கிறவர்கள் எத்தனை பேர்? பட்டறைக்குப் போகும் மகன்கள் எத்தனை பேர்? ஆகவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா? சத்தம் எல்லை மீறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. வேலை விட்டு வந்ததும் காதில் வண்டு ரீங்காரம் கேட்டால், அது முதல் எச்சரிக்கை. சும்மா விடாதீர்கள்.

3. காதில் பஞ்சு வைப்பதால் பயனில்லை. நுரை அடைப்பானை மெல்லிய திரியாக உருட்டி, இன்னொரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிஷம் பிடித்திருங்கள். கை அழுக்காக இருந்தால் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

4. காதுப் பரிசோதனைக்கு வேலை முடிந்த கையோடு போகாதீர்கள். ஓர் இரவு ஓய்வு கொடுத்துவிட்டுப் போங்கள். அறிக்கையில் ஒரு நகல் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

5. எந்த வருஷம், எந்த இடத்தில், எந்த இயந்திரத்தில் வேலை செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சொக்சோ மனுவுக்கு அது உதவும். விவரம் தெரியாவிட்டால் கிளைச் செயலாளரைக் கேளுங்கள்.

6. வீட்டுப் பெண்களே, முதலில் கண்டுபிடிக்கிறவர்கள் நீங்கள்தான். டிவி சத்தம் ஏறிக்கொண்டே போனால் சண்டை போட்டு நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அண்ணனின் மனு இன்னும் மருத்துவக் குழுவிடம் இருக்கிறது. டாக்டர் சொன்னபடி காதில் கருவி மாட்டியிருக்கிறார். முன்பு மாதிரி வராது, ஓரளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வாள் ஓட்டிப் பார்க்கும்போது இப்போது அந்தப் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். நான் விடைபெறும்போது பேத்தி வந்து ஏதோ சொன்னது. அண்ணன் குனிந்து, "இன்னொரு தரம் சொல்லு கண்ணு" என்றார். அது சலிக்காமல் இன்னொரு தரம் சொன்னது.

உங்கள் வீட்டில் அப்படி இரண்டாம் தரம் கேட்க வேண்டிய நிலை வருமுன், இந்த வாரமே வேலையிடத்தில் காதுப் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள்.