தாராபுரம் கண்ட களப் பீரங்கி

இன்றைய திருப்பூர் மாவட்டத்துத் தாராபுரம், மைசூர்ப் போர்களில் முக்கியமான கோட்டை. 1768-இல் கர்னல் வுட், 1783-இல் கர்னல் ஃபுல்லர்டன், 1790-இல் ஜெனரல் மெடோஸ் என மூன்று முறை ஆங்கிலேயப் படை அதைப் பிடித்தது. மூன்று முறையும் அது மைசூர் வசமே திரும்பியது.

அக்காலப் பீரங்கிகளில் இரண்டு வகை உண்டு. மதிலை இடிப்பவை 18, 24 பவுண்டு குண்டு போடும் கனத்த பீரங்கிகள். காலாட்படையோடு கூடவே நகர்ந்து, வெட்டவெளியில் எதிரியைச் சிதறடிப்பவை களப் பீரங்கிகள். இவற்றின் குண்டு 6 பவுண்டு, அதாவது 2.7 கிலோ அளவில் இருக்கும்.

பரங்கிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைப் பீரங்கிப் படைக்குப் பெரிய கவலை, வண்டி மாடுதான். மாடு சோர்ந்தால் பீரங்கி பின்தங்கும்; பீரங்கிக்காகப் படையே காத்து நிற்கும். மைசூரை ஆண்ட ஹைதரும் திப்புவும் இதை முன்பே உணர்ந்து, வேகமாக நடக்கும் அமிர்த மகால் மாடுகளை அரசுப் பண்ணைகளில் வளர்த்தார்கள். நம் காங்கேயம் மாட்டுக்கு உறவான இனம் அது. 1799-இல் அவர்களின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் அந்த மந்தைகளை ஆங்கிலேயர் தம்வசமாக்கிக் கொண்டனர்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு, மலைப் பீரங்கிப் பிரிவுகள் தவிர மற்றவற்றில் இந்தியர் கையில் பீரங்கி தர ஆங்கிலேயர் அஞ்சினர். இந்தியருக்கான முதல் களப் பீரங்கிப் பிரிவு 1935 ஜனவரி 15 அன்று பெங்களூரில்தான் உருவானது.

இன்று ஒரு களப் பீரங்கி ரெஜிமென்ட்டில் மூன்று பேட்டரிகள், பேட்டரிக்கு ஆறு பீரங்கிகள். இந்தியாவில் தயாராகும் 105 மி.மீ. பீரங்கி சுமார் 17 கி.மீ. வரை சுடும். அத்தனை தொலைவில் இருக்கும் இலக்கு பீரங்கி வீரர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் காலாட்படையோடு முன்வரிசையில் இருக்கும் பீரங்கிப் படை அதிகாரி ஒருவர் இலக்கின் இடத்தை வயர்லெஸ்ஸில் சொல்வார். பின்னால் இருப்பவர்கள் தூரம், உயரம், காற்று, வெப்பநிலை எல்லாவற்றையும் கணக்கிட்டுக் குழாயின் திசையையும் கோணத்தையும் தருவார்கள். முதல் குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து அந்த அதிகாரி திருத்தம் சொல்வார்: “வலது 50, கூட்டு 200.” குறி சரியானதும் பேட்டரி முழுவதும் முழங்கும். பனியன் கம்பெனியில் நிட்டிங் முதல் பேக்கிங் வரை எந்த இடத்தில் பிசகினாலும் ஆர்டர் கப்பலேறாது. இங்கும் அதே கதைதான். ஆனால் இங்கே பிசகினால் சொந்த வீரர் தலையிலேயே குண்டு விழும்.

1999 கார்கில் போரில் செங்குத்தான பாறைகளில் காலாட்படை ஏறும்போது, மேலே பதுங்கியிருந்த எதிரியைத் தலைதூக்க விடாமல் அடக்கியது பீரங்கிப் படை. திராஸ் பகுதியில் அப்படி மீட்கப்பட்ட 5140 சிகரத்துக்கு 2022-இல் ‘கன் ஹில்’ என்று பெயர் சூட்டினார்கள். ஏறிப் பிடித்தவர்கள் காலாட்படையினர்; பல கி.மீ. பின்னால் நின்று அவர்களுக்கு வழி திறந்தவர்களுக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு என்பதை அந்தப் பெயர் நாட்டுக்குச் சொல்கிறது.