அவகாசம் இருந்தால் கணினியை வெல்ல முடியுமா?

கொல்கத்தா: கொல்கத்தாவில் 2018 முதல் நடைபெறும் டாடா ஸ்டீல் செஸ் போட்டி ரேபிட், பிளிட்ஸ் ஆட்டங்களுக்குரியது. முதல் ஆண்டு பிளிட்ஸ் பட்டத்தை விஸ்வநாதன் ஆனந்த் வென்றார். இத்தகைய விரைவாட்டத்தில் கணினியிடம் மனிதர் தோற்பது வியப்பன்று. நேரம் தாராளமாக இருந்தால்?

2006-இல் ஜெர்மனியின் பான் நகரில், உலக சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக், நேர நெருக்கடி ஏதுமின்றியே, அடுத்த நகர்வில் காத்திருந்த மேட்டைக் கவனிக்கத் தவறினார். டீப் ஃபிரிட்ஸ் மென்பொருள் 4-2 எனத் தொடரை வென்றது. கூடுதல் நேரம் களைப்பைப் போக்குவதில்லை. கணினியோ அதே நேரத்தில் மேலும் ஆழமாகத் தேடுகிறது.

ஒரு நகர்வுக்குப் பல நாள் கிடைக்கும் அஞ்சல்வழிச் சதுரங்கம் வேறு வகை. அதில் ஹைட்ரா என்ற வலிமைமிக்க கணினியை ஜெர்மானியரான ஆர்னோ நிக்கல் வீழ்த்தினார். ஆனால், அவருக்கும் கணினித் துணை இருந்தது. அத்துணை அனுமதிக்கப்படும் இன்றைய அஞ்சல்வழிப் போட்டிகளில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவிலேயே முடிகின்றன.