ஒரே தூரம், இருவேறு நேரம்

நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திற்கும் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட வான்வழித் தூரம் ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர் ஆகும். உருண்டையான புவிப்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதையின் நீளமே இது. தட்டையான நிலப்படத்தில் இப்பாதை வடக்கே வில்லாக வளைந்து செல்வதைக் காண்போர் அதனைச் சுற்றுவழி என்று கருதக்கூடும். உலக உருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் அந்த ஐயம் தீர்ந்துவிடும்.

தூரம் இவ்வாறு மாறாதிருக்க, நேரம் திசைக்கேற்ப மாறுகிறது. லண்டனுக்குப் பொதுவாக ஆறரை முதல் ஏழு மணி நேரத்தில் வந்துசேரும் விமானம், நியூயார்க்கிற்குத் திரும்ப ஏழரை முதல் எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. புவி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே செல்லும் பயணமே விரைவில் முடியவேண்டும் என்று எண்ணுவோர் உண்டு. காற்றுமண்டலமும் புவியோடு சேர்ந்தே சுழல்வதால் அவ்வெண்ணம் பொருந்தாது. உண்மைக் காரணம், வெப்பமண்டலக் காற்றுக்கும் துருவக் காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டால் உருவாகி, தரைக்குமேல் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டமாகும்.

குளிர்காலத்தில் இக்காற்று மேலும் வலுப்பெறும். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று, நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடங்களில் லண்டனை அடைந்தது. அப்போது அதன் தரைவேகம், அதாவது நிலத்தைப் பொறுத்து அளக்கும் வேகம், மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. எனினும் அது ஒலியின் வேகத்தை மீறவில்லை, ஏனெனில் தன்னைச் சூழ்ந்து உடன் விரைந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்திலேயே பறந்தது. ஒலியை உண்மையாகவே முந்திய கான்கார்ட் விமானம், 1996 பிப்ரவரி 7 அன்று இதே வழியை மூன்று மணி நேரத்திற்கும் குறைவாகக் கடந்தது.

காற்று நாள்தோறும் இடம்மாறுவதால், கனடாவின் கேண்டர், ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் ஆகிய இடங்களிலுள்ள கட்டுப்பாட்டு மையங்கள் அட்லாண்டிக்கின் மேல் பறப்பதற்கான தடங்களை அன்றன்று வகுக்கின்றன. கிழக்கே வரும் தடங்கள் காற்றைத் தேடியும் மேற்கே செல்லும் தடங்கள் அதனைத் தவிர்த்தும் அமைவதால், கிலோமீட்டரில் நீண்ட வழியே சில நாள்களில் விரைவான வழியாகிறது. ஆகவே தூரத்தை வேகத்தால் வகுத்துப் பெறும் நேரம் ஏட்டளவில் மட்டுமே சரி. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும், ஹீத்ரோவில் தரையிறங்க முறை வரும்வரை வானில் வட்டமிடும் நேரமும் அதில் அடங்குவதில்லை. விமான நிறுவனங்களின் அட்டவணை இவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

பயணச்சீட்டில் அச்சிடப்படுபவை அந்தந்த ஊர் நேரங்கள் என்பதால், மாலை 7 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 7 மணிக்கு லண்டனை அடையும் பயணம் பன்னிரண்டு மணி நேரமன்று, ஏழு மணி நேரமே. இரு ஊர் நேரங்களுக்கும் இடையிலுள்ள ஐந்து மணி நேர வேறுபாட்டைக் கழித்துப் பார்க்கவேண்டும். கோடைக்கால நேரத்தையொட்டி இரு நாடுகளும் கடிகாரத்தை மாற்றும் தேதிகள் ஒன்றாக இராமையால், மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்களும் அக்டோபர் இறுதியில் ஒரு வாரமும் கழிக்கவேண்டியது நான்கு மணி நேரம்.